மொத்தக் கையிருப்பு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்க நாடுகளின் தங்கம், அந்நியச் செலாவணி கையிருப்பை டாலரில் வரிசைப்படுத்தும் பட்டியல்கள் அடிக்கடி வெளியாகின்றன. பெரும்பாலும் மொத்தக் கையிருப்பே அவற்றில் இடம்பெறுகிறது. இரவல் வாங்கி வைத்திருப்பதும் சொந்தமாக வைத்திருப்பதும் அங்கே ஒரே கணக்குதான்.

நைஜீரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 இறுதியில் மொத்தக் கையிருப்பு 3,322 கோடி டாலர். நிகரக் கையிருப்பு வெறும் 399 கோடி டாலர் என்று அந்நாட்டு மத்திய வங்கியே பின்னர் அறிவித்தது. ஸ்வாப் (பின்னர் திருப்பித் தரும் நாணயப் பரிமாற்றம்), முன்பேர ஒப்பந்தங்கள் (பின்தேதியில் டாலர் தருவதாக இன்றே ஒப்புக்கொள்வது) போன்ற குறுகிய காலக் கடப்பாடுகளைக் கழித்தால் மிஞ்சியது அவ்வளவுதான். அடுத்த ஆண்டு இறுதியில் மொத்தம் 4,019 கோடி, நிகரம் 2,311 கோடி. மொத்தத்தைப் பார்ப்பவருக்கு ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. நிகரத்தைப் பார்ப்பவருக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு! எகிப்து மத்திய வங்கியில் வளைகுடா நாடுகள் போட்டுவைத்த டாலர் வைப்புகளும் திருப்பித் தரவேண்டியவையே. அதில் 1,100 கோடி டாலரை ஐக்கிய அரபு அமீரகம் 2024இல் எகிப்தின் ராஸ் எல் ஹெக்மா கடலோர வளர்ச்சித் திட்டத்தில் முதலீடாக மாற்றிக்கொண்டது.

தங்கத்தை டாலரில் அல்ல, டன்னில் ஒப்பிடுவதே நல்லது. தென்னாப்பிரிக்காவிடம் சுமார் 125 டன், அதாவது ஏறத்தாழ 40 லட்சம் ட்ராய் அவுன்ஸ் இருக்கிறது; சந்தை விலையில்தான் மதிப்பிடுகிறார்கள். அவுன்ஸுக்கு 100 டாலர் ஏறினால், ஒரு கிராம்கூட வாங்காமலே கையிருப்பு 40 கோடி டாலர் கூடிவிடும். ட்ராய் அவுன்ஸ் 31.1035 கிராம். சாதாரண அவுன்ஸின் 28.35 கிராமை வைத்து டன்னை அவுன்ஸாக்கினால் தங்க மதிப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம் ஊதிப்போகும். இன்னொரு பிழை: ‘தங்கம் உட்பட’ என்ற உலக வங்கி வரிசையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தங்கத்தை மீண்டும் கூட்டுவது.

தோண்டும் நாடும் சேர்த்துவைக்கும் நாடும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அல்ஜீரியாவின் 173.6 டன் பல ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது. ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் எடுக்கும் கானாவின் மத்திய வங்கியிடமோ, உள்நாட்டுக் கொள்முதலை 2021 ஜூனில் தொடங்கியபோது 8.7 டன்தான் இருந்தது.

செனகல், ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகளைத் தனி வரிசையில் காட்டுவதும் சரியல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகளுக்கு டாக்கரிலும், மத்திய ஆப்பிரிக்காவில் ஆறு நாடுகளுக்கு யவுண்டேயிலும் பொது மத்திய வங்கி இருக்கிறது. இந்நாடுகளின் நாணயமான சிஎஃப்ஏ ஃபிராங்கைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் பொதுக் கையிருப்புதான்.

2021ஐத் தாண்டும் ஒப்பீடுகளில் ஓர் அடிக்குறிப்பும் தேவை. அந்த ஆகஸ்டில் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) உலகெங்கும் 65,000 கோடி டாலர் மதிப்புக்குச் சிறப்பு எடுப்பு உரிமை (எஸ்டிஆர்; உறுப்பு நாடுகளின் கையிருப்பில் சேரும் சொத்து) வழங்கியது. ஆப்பிரிக்காவுக்கு ஏறத்தாழ 3,300 கோடி. அந்த ஏற்றம் ஏற்றுமதியால் வந்ததல்ல.

கடைசியாக, டாலர் தொகைக்குப் பக்கத்தில், அது எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்பதையும் அச்சிடுங்கள். கையிருப்பை மாதச் சராசரி சரக்கு, சேவை இறக்குமதியால் வகுத்தால் போதும். மூன்று மாதம் என்பது பழைய அளவுகோல். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்திருக்கும் இலக்கு 4.5 மாதம்.