மூன்றாம் ஆண்டு ஆங்கில இலக்கியம்: சனிக்கிழமை எழுத்துப் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். மாதிரித் தேர்வுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி வரும் சனிக்கிழமை, 14ஆம் தேதி, காலை 10 மணிக்கு நம் வகுப்பறையிலேயே நடக்கும்.

1. இலக்கியக் கட்டுரை: ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் குற்றவுணர்வு. கதைச்சுருக்கம் வேண்டாம், திருத்துபவருக்குக் கதை தெரியும். 5ஆம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாளே சீமாட்டி மேக்பெத், 2ஆம் அங்கத்தில் அரசனைக் கொன்ற ரத்தக்கறையைக் கழுவக் கொஞ்சம் தண்ணீரே போதும் என்றவளும் அவள்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

2. நடைமுறை எழுத்து: வேலைக்கான விண்ணப்பக் கடிதம், ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு. தேதி, பெறுநர் முகவரி, பொருள் விடுபடக் கூடாது.

3. கோடிட்ட தாள் கொண்டுவரவும். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரை இங்கே பதிவிடவும். கட்டைவிரல் குறி கணக்கில் சேராது.