விடுமுறையில் கடலுக்குப் போகும் முன் – பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன வாரம் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், கடல்ல இறங்கினா சுறா கடிக்குமா?" என்று கேட்டான். வகுப்பே என்னைப் பார்த்தது. கடிக்காது என்றால் பொய். கடிக்கும் என்றால் ஒருவரும் தண்ணீரில் கால் நனைக்கமாட்டார்கள். அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

சுறாக்கடி மிக அரிது. ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகம் முழுவதும் நேரும் சுறாக்கடிகளைப் பதிவு செய்துவருகிறது. மனிதர் சீண்டாமலே சுறா கடித்தவை என்று அது கணக்கெடுத்தவை 2023இல் 69, 2024இல் 47. நீரில் மூழ்கி இறந்தவர்களோ 2021இல் மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்பதுதான் என் முதல் கவலை. சுறா அதற்கு வெகு பின்னால்தான்.

வலை கட்டிய கடற்கரை என்றால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1937 முதலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1952 முதலும் சுறாவலை போடுகிறார்கள். ஆனால் அது மதில்சுவர் அல்ல. கடலுக்குள் ஆங்காங்கே தொங்கவிட்ட வலைத்துண்டு. சுறா அதன் பக்கமாகவோ மேலாகவோ தாராளமாக வந்துபோகலாம். சுறாவைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் வேலை. ஆமையும் ஓங்கிலும்கூட (டால்பின்) அதில் மாட்டிச் சாகின்றன. குளிக்கும் இடத்தை முழுக்கச் சுற்றி அடைக்கும் வேலி வேறு வகை. உங்கள் கடற்கரையில் இருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுடையது. மலைச்சரிவில் ஆட்கள் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பச்சைக் கொடி என்றால் தண்ணீர் தெளிவு, சுறா தென்படவில்லை. கறுப்புக் கொடி என்றால் சுறா தென்படவில்லை, ஆனால் தண்ணீரும் சரியாகத் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்பதற்கும் ஒரு கொடி வைத்தார்களே, அந்த நேர்மைதான் என்னைக் கவர்ந்தது! சுறா அருகில் வந்தால் வெள்ளைக் கொடி ஏறும், சைரன் ஒலிக்கும், எல்லோரும் கரையேற வேண்டும்.

அந்தக் கரையேறுவதில்தான் சிக்கல். சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் உயிர்காப்பாளர் விசில் ஊதியதும் பிள்ளைகள் மளமளவென்று வெளியே வந்துவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடி "என்னாச்சு? எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தது பெரியவர்கள்தான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அவர்களில் நானும் ஒருவன். வந்தது ஓங்கில் என்று பிறகு தெரிந்தது. அது விசில் ஊதியபோது யாருக்கும் தெரியாதே.

எனவே, உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். விசிலோ சைரனோ கேட்டால் முதலில் வெளியே வாருங்கள், காரணத்தைக் கரையில் கேட்டுக்கொள்ளலாம். விடியற்காலையும் அந்தி நேரமும் வேண்டாம். ஆற்று முகத்துவாரம், கலங்கல் தண்ணீர், மீன் பிடிக்கும் இடம், பறவைகள் கூட்டமாகப் பாய்ந்து இரை தேடும் இடம் ஆகியவற்றை விட்டு விலகியிருங்கள். காளைச்சுறா என்ற வகை ஆற்றுக்குள்ளும் வரும். தனியாக நீந்திப் போக எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். பளபளக்கும் சங்கிலி, கொலுசு எல்லாம் பையிலேயே இருக்கட்டும்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இரத்தப்போக்குதான். கரைக்குக் கொண்டுவந்ததும் துண்டோ சட்டையோ வைத்துக் காயத்தை விடாமல் அழுத்துங்கள். கை காலில் இரத்தம் பீறிட்டால் காயத்தின் மீது அல்ல, அதற்குச் சற்று மேலே, உடம்பை ஒட்டிய பக்கத்தில் அகலமான துணியால் இறுகக் கட்டுங்கள். ஆம்புலன்ஸை வேறொருவர் அழைக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் மைதானத்தில் விசில் பயிற்சி வைத்திருக்கிறோம். மைதானம்தான் கடல், சுண்ணாம்புக் கோடுதான் கரை. பெற்றோரும் வரலாம். இந்த முறை நான் முதலில் கோட்டைத் தாண்டுகிறேனா என்று பார்க்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்