யாதவகிரி வீடும் ஒரு தவறான வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில், ஆங்கில எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் மைசூர் யாதவகிரி வீட்டுப் படத்துக்குக் கீழே 'சுவாமியும் நண்பர்களும் பிறந்த இடம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த நாவல் வெளிவந்தது 1935இல். யாதவகிரி வீடு எழும்பியதோ 1950ஐ ஒட்டித்தான். நாவலின் முதல் வரியை, பாட்டி நாள் பார்த்துச் சொன்ன ஒரு செப்டம்பர் நாளில் பெங்களூரில் எழுதியதாக அவரே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். பிற்காலத்து 'கைடு' நாவலைக்கூட அமெரிக்காவின் பெர்க்லியில், ஹோட்டல் அறையில் தங்கித்தான் எழுதினார். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அதனால்தான் மனம் ஆறவில்லை.

'அரசு பேணிக் காத்த வீடு' என்ற வரி இன்னும் வேதனை. 2011இல் அதை இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். பத்திரிகைகளும் மைசூர்க்காரர்களும் குரல் கொடுத்த பிறகுதான் இடிப்பு நின்றது. பழுது பார்த்து நினைவில்லமாகத் திறக்க 2016 ஆகிவிட்டது. பத்திரிகைகளுக்குச் சேரவேண்டிய பெருமையை ஒரு பத்திரிகையே விட்டுவிடலாமா?

போகிறவர்களுக்கு வேண்டிய விவரமும் கட்டுரையில் இல்லை. ஆட்டோக்காரரிடம், நாராயண் கதைகளில் வரும் கற்பனை ஊரான 'மால்குடி'யின் பெயரைச் சொன்னால் குழப்பம்தான். 'யாதவகிரி, விவேகானந்தா சாலை' என்று சொல்லவேண்டும். வளைந்த சுவரில் வரிசையாக ஜன்னல்கள் வைத்த, அவர் எழுதிய அறை மாடியில் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். வார விடுமுறையையும் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

'அப்படியே அரசாளு ரயில் நிலையத்தையும் பார்த்துவிடலாம்' என்கிறார் கட்டுரையாளர். அரசாளு சிவமொக்கா மாவட்டத்தில், தாளகுப்பா பாதையில் இருக்கிறது. மைசூரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடருக்காக அங்கே படம் பிடித்தார்கள், அவ்வளவே. நாராயண் மனத்தில் தோன்றிய மால்குடி நிலையம் வேறு. குழந்தைகளோடு கிளம்பும் குடும்பம் இந்த 'அப்படியே'யை நம்பினால் ஒரு நாள் முழுவதும் வண்டியிலேயே கழியும்.

முன்பொரு இதழில் ஆர்.கே. லக்ஷ்மணை நாராயணுக்கு அண்ணன் ஆக்கினீர்கள். அவர் தம்பி. இன்னொரு முறை நாராயண் மைசூரில் பிறந்ததாக வந்தது. அவர் பிறந்தது சென்னையில், 1906 அக்டோபர் 10ஆம் தேதி. பாட்டியிடம் வளர்ந்தது புரசைவாக்கத்தில். பெயரின் முதல் எழுத்தான 'ஆர்' என்பதிலேயே தமிழ்நாட்டு ராசிபுரத்தைச் சுமந்தவர் பற்றித் தமிழ்ப் பத்திரிகை இப்படி எழுதலாமா? இரண்டு முறையும் திருத்தம் வரவில்லை.

அடுத்த இதழில் படக்குறிப்புக்கு இரண்டு வரித் திருத்தமும், வீட்டின் சரியான முகவரியும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்