பெட்டிக்குள்ளேயே உதிரும் பொருள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு விசேஷத்துக்கு மட்டும் அணிந்துவிட்டு, துடைத்துத் தாள் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்த காலணிகளை ஆறு ஆண்டுகள் கழித்துச் சென்ற வாரம் வெளியே எடுத்தேன். மேல்தோல் புதிது போலவே பளபளத்தது. மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்குவதற்குள் அடிப்பாகம் காய்ந்த மண்கட்டி போல விண்டுபோய், நான் நடந்து வந்த வழியெல்லாம் கறுப்புத் துகள்களாகக் கிடந்தது. வாங்கிய கடையில் கேட்டதற்கு, "போடாமல் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும்" என்றார்கள்.

அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மெத்தென்றிருக்கும் இவ்வகை அடிப்பாகங்கள் பல பாலியூரிதேன் என்னும் பொருளால் செய்யப்படுகின்றன. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கிறது. அணிந்தாலும் இது நடக்கும். ஆனால் அன்றாடம் அணிபவர் அதற்குள் அதைத் தேய்த்தே முடித்துவிடுவார். பொத்திப் பொத்தி வைப்பவர்தான் ஏமாறுகிறார். ஹெட்போனின் காது உறையும், தோல் போலத் தோன்றும் கைப்பையின் மேல்பூச்சும் செதில் செதிலாக உரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ரப்பர் பேண்டின் கதை வேறு. 1845-இல் லண்டனில் ஸ்டீபன் பெர்ரி அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்று வரை, சான்றிதழ்க் கட்டைப் பிரிக்கும்போது அது முதலில் பிசுபிசுத்து, பின்பு இறுகி, தாளோடு ஒட்டிய துண்டுகளாக நொறுங்குவதைக் கண்டு நாம் வியந்துகொண்டுதான் இருக்கிறோம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் செய்யும் வேலை அது. கொடியில் கிடக்கும் பிளாஸ்டிக் துணிக் கிளிப்பை வெயிலின் புற ஊதாக் கதிர் கெடுக்கிறது. நிறம் வெளுத்து, மேலே சுண்ணாம்பு போல மாவு படிந்துவிட்டால், அடுத்த முறை அழுத்தும்போது விரலிடையே அது முறியும் என்று வைத்துக்கொள்ளலாம். (தங்கள் நாளிதழிலிருந்து கத்தரித்து நான் மடித்து வைத்த பக்கங்களும் மடிப்பு மடிப்பாக ஒடிகின்றன. மரத்தை அப்படியே அரைத்த கூழில் தங்கிவிடும் லிக்னின் என்னும் மரப்பொருள் தாளைப் பழுப்பாக்க, நாளடைவில் சேரும் அமிலம் இழைகளை அறுக்கிறது. மறுநாளே பழையதாகிவிடும் தாளிடம் இதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை.)

பொருள் உதிர்கிறதே என்பது என் முறையீடு அன்று. எப்போது உதிரத் தொடங்கும் என்பதை வாங்குபவரிடம் சொல்லாமலிருப்பதே என் முறையீடு. வண்டி டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்படுகின்றன. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். அதே முறையில் நான்கு இலக்கங்களைக் காலணியின் அடியிலும் பொறிப்பதற்குப் பெரிய செலவு ஆகப்போவதில்லை. என் காலணிப் பெட்டியில் அளவும் நிறமும் விலையும் இருந்தன; எதனால் செய்தது, எந்த ஆண்டு செய்தது என்ற இரண்டு மட்டும் இல்லை. கடை அலமாரியிலேயே மூன்று ஆண்டுகள் கிடந்த காலணியை, அது தெரியாமல், புதிய காலணியின் விலைக்கே நான் வாங்கியிருக்கவும் கூடும்.

தயாரிப்பு ஆண்டையும், மூலப்பொருளையும், பயன்படுத்தாமல் வைத்திருந்தால் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதையும் இத்தகைய பொருள்கள் மீது குறிப்பிடச் செய்ய வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்தி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்