வளவுத் தூணும் வெடித்த நட்சத்திரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளியில் அறிவியல் ஒரு பீரியட், வரலாறு இன்னொரு பீரியட். இரண்டும் ஒரே கதை என்று யாரும் சொல்லித் தருவதில்லை. லீவுக்குக் காரைக்குடி வந்த பேத்தி எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவுத் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) தூணைத் தட்டி, "இது எங்கேருந்து வந்துச்சு ஐயா?" என்றாள். பர்மா தேக்கு என்றேன். பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரை நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க இங்கிருந்து போன செட்டியார்கள் கப்பலில் அனுப்பிய மரம்.

சரி, சுவர்? கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. தொட்டால் இன்றும் சில்லென்று வழுக்கும், முகம்கூட மங்கலாகத் தெரியும். கிளிஞ்சல் என்பது கடல் உயிரின் ஓடு. அதிலுள்ள கால்சியமோ, சூரியன் பிறப்பதற்கு முன்பே வெடித்த நட்சத்திரங்களில் உருவானது. தரையில் கிடக்கும் இத்தாலி மார்பிளும் ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்புதான். 1380 கோடி ஆண்டுப் பிரபஞ்சக் கதை, 1942-இல் பர்மாவிலிருந்து நம்மவர்கள் கால்நடையாகத் திரும்பியதுவரை, ஒரே வளவுக்குள் இருக்கிறது. (பேத்திக்கு நட்சத்திரம்தான் பிடித்தது, பர்மா இல்லை.)

உங்கள் மாணவர் பக்கத்தில் இப்படி ஒரு தொடர் வெளியிடலாமே. வீடுகளை இடித்து, தூண்களைப் பழைய சாமான் கடையில் அடுக்குவதற்குள் தொடங்கினால் நல்லது.

ஒரு வாசகர்,
காரைக்குடி