எந்த டேப் உன்னைக் கூப்பிடுகிறது?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோன செய்தி படித்து மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மழைதான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மேக்கில் ஐந்தாறு டெர்மினல் (கமாண்டைத் தட்டச்சு செய்யும் திரை) டேப், ஒவ்வொன்றிலும் ஒரு க்ளாட் கோட் அல்லது கோடெக்ஸ், அதாவது சொன்ன வேலைக்கு நிரல் எழுதித்தரும் ஏஐ ஏஜென்ட். எது ஓடிக்கொண்டிருக்கிறது, எது "இந்தக் கமாண்டை ஓட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு அரைமணி நேரமாகச் சும்மா நிற்கிறது என்று தெரியவில்லை என்கிறாய். ஏஜென்ட்டோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கும் தலைவலிதான். மாடலின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நிஜத்தில் நேரம் வீணாவது பதிலுக்காக அது காத்து நிற்கும்போதுதான்.

இதற்கென்றே மேக்கில் சீமக்ஸ் என்று ஒரு ஆப் இருக்கிறது. மிட்செல் ஹாஷிமோட்டோ 2024 டிசம்பரில் வெளியிட்ட கோஸ்ட்டி டெர்மினலின் உள்ளே இருக்கும் லிப்கோஸ்ட்டி என்ற நிரல் தொகுப்பை எடுத்து, அதன் மேல் ஸ்விஃப்ட் மொழியில் கட்டியது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வழியாகவே நிறுவலாம். நீ ஏற்கெனவே கோஸ்ட்டி பயன்படுத்துவதால் எழுத்துரு, நிறம், தீம் எதையும் மறுபடி அமைக்க வேண்டாம். அதே கான்ஃபிக் கோப்பையே படித்துக்கொள்ளும். டேப்புகள் மேலே வரிசையாக இல்லாமல் இடப்பக்கம் செங்குத்தாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கிட் ப்ராஞ்ச் (நிரலின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட்டில் எந்தக் கிளை என்பது), இருக்கும் ஃபோல்டர், திறந்திருக்கும் போர்ட் (லோக்கல் சர்வரை அணுகும் எண்), கடைசியாக வந்த அறிவிப்பின் வாசகம் எல்லாம் தெரியும். ஏஜென்ட் உன்னைக் கேட்டு நின்றால் அந்தப் பலகத்தைச் சுற்றி நீல வளையம் வரும். கமாண்ட், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக வந்த, படிக்காத அறிவிப்பு இருக்கும் இடத்துக்கே போய்விடலாம். என் கணக்கில் இந்த ஒரு ஷார்ட்கட்டுக்காகவே ஆப் தேறும். உள்ளே ஒரு பிரவுசரும் இருக்கிறது; அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

ஆனால் நிறுவியவுடன் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துவிடாதே. அறிவிப்பு எப்படி வந்து சேர்கிறது என்று தெரிந்தால்தான், வராதபோது எங்கே பார்ப்பது என்று புரியும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய டெர்மினல் வழக்கப்படி எஸ்கேப் வரிசை, அதாவது திரையில் காட்டாமல் டெர்மினலுக்குக் கட்டளையாகப் போகும் சிறப்பு எழுத்துகள். ஓஎஸ்சி 9, 99, 777 என்று மூன்று வகை. ஐடெர்ம், கிட்டி, யுஆர்எக்ஸ்விடி டெர்மினல்களில் இருந்து வந்தவை. இவை சாதாரண வெளியீட்டோடு கலந்தே வருவதால் எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்து சர்வரில் ஓடும் ஏஜென்ட்டிடம் இருந்தும் வந்து சேரும். இரண்டாவது வழி, சீமக்ஸின் சொந்தக் கமாண்ட்: 'சீமக்ஸ் நோட்டிஃபை' என்று தலைப்பும் வாசகமும் கொடுத்து அழைப்பது.

க்ளாட் கோடுக்கு இரண்டாவது வழிதான் சரி. ஹோம் ஃபோல்டரில் அதன் செட்டிங்ஸ் ஜேசன் கோப்பைத் திற. ஹுக்ஸ் (குறிப்பிட்ட நிகழ்வு நடந்ததும் தானாக ஓடும் கமாண்டுகள்) பகுதியில் 'நோட்டிஃபிகேஷன்', 'ஸ்டாப்' இரண்டுக்கும் அந்தக் கமாண்டைக் கொடு. முதலாவது, அனுமதி கேட்கும்போது அடிக்கும். இரண்டாவது, தன் முறை முடிந்து நிற்கும்போது அடிக்கும். ஹுக்குக்குள் பிரின்ட்எஃப் (எழுத்துகளை அச்சிடும் கமாண்ட்) போட்டு எஸ்கேப் வரிசையை அனுப்பலாமே என்று உனக்குத் தோன்றும். அது டெர்மினலுக்கு வந்து சேராது. ஹுக்கின் வெளியீட்டை ஏஜென்ட்டே பிடித்து வைத்துக்கொள்கிறது. கோடெக்ஸில் கான்ஃபிக் டாமல் கோப்பில் 'நோட்டிஃபை' என்று ஒரு வரி. அதில் நீ கொடுக்கும் நிரலை, ஒவ்வொரு முறை முடிந்ததும் அது அழைக்கும்.

சோதிக்கும்போது ஒன்று கவனி. நீ பார்த்துக்கொண்டிருக்கும் டேப்பில் இருந்தே அறிவிப்பை அனுப்பினால் டெஸ்க்டாப் அறிவிப்பு வராது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். 'ஸ்லீப் 5' போட்டு, அதன் பின்னால் நோட்டிஃபை கமாண்டை வைத்து, உடனே வேறு டேப்புக்குப் போய்விடு. அப்போதும் வரவில்லையென்றால் மேக்கின் சிஸ்டம் செட்டிங்ஸில் இந்த ஆப்புக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா பார்.

ஒரே டெர்மினலுக்குள் பல விண்டோக்களை வைத்துக்கொள்ள உதவும் டீமக்ஸுக்குள் ஏஜென்ட்டை ஓட்டும் பழக்கம் உனக்கு உண்டு. எஸ்கேப் வரிசைகளை டீமக்ஸ் விழுங்கிவிடும். 3.3 பதிப்பில் இருந்து 'அலவ் பாஸ்த்ரூ' என்ற அமைப்பு இருக்கிறது, ஆனால் இயல்பில் அணைந்தே இருக்கும். அதை ஆன் செய்வது போதாது. அனுப்பும் வரிசையையும் டீமக்ஸுக்கான உறையில் போட்டு அனுப்ப வேண்டும். ஷிஃப்ட் எண்டர் புது வரி கொடுக்காமல் அப்படியே அனுப்பிவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதுவும் இதே இடத்துக் கோளாறுதான். பழைய டெர்மினல் முறையில் எண்டருக்கும் ஷிஃப்ட் எண்டருக்கும் ஒரே பைட்தான் போகும். கோஸ்ட்டி வேறுபடுத்தி அனுப்பும், நடுவில் டீமக்ஸ் அதைத் தொலைத்துவிடும். 'எக்ஸ்டெண்டட் கீஸ்' ஆன் செய். அதற்கும் மசியவில்லையென்றால் கன்ட்ரோல் ஜே அழுத்து.

இனி பெரிய விஷயம். ஒரே ஃபோல்டரில் இரண்டு ஏஜென்ட்டை விடாதே. ஒன்று எழுதிய கோப்பை மற்றொன்று "யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று திருப்பி வைக்கும். ஆளுக்கு ஒரு கிட் வொர்க்ட்ரீ, அதாவது அதே ப்ராஜெக்ட்டின் தனி ஃபோல்டர், கொடு. 2015இல் கிட் 2.5இலேயே வந்த வசதி, ஏஜென்ட் வந்த பிறகுதான் பலருக்கு அருமை தெரிகிறது. 'கிட் வொர்க்ட்ரீ ஆட்' என்று பாதையும் புது ப்ராஞ்ச் பெயரும் கொடுத்தால் தனி ஃபோல்டர் தயார். ஆனால் கிட் கண்காணிக்காத எதுவும் அங்கே வராது: ரகசியச் சாவிகள் உள்ள டாட் என்வ் கோப்பு இருக்காது, நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருக்காது. ஏஜென்ட் அது தெரியாமல், சாவி இல்லாததற்கு ஏதோ ஒரு போலி மதிப்பைப் போட்டு நிரலையே மாற்றிவிடும். எனவே வொர்க்ட்ரீ உருவாக்குவது, டாட் என்வை நகலெடுப்பது, பேக்கேஜ்களை நிறுவுவது மூன்றையும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டில் போட்டு வை.

இன்னும் இரண்டு பொறி. முடிக்காத மாற்றங்களைக் கிட் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் எல்லா வொர்க்ட்ரீக்கும் பொது. ஒரு ஏஜென்ட் ஸ்டாஷில் வைத்ததை வேறொன்று பாப் செய்து (வெளியே எடுத்து) தன் ப்ராஞ்சில் கொட்டிக்கொள்ளும். ஏஜென்ட்டுக்கான குறிப்புக் கோப்பில் "கிட் ஸ்டாஷ் வேண்டாம், தற்காலிக கமிட் போடு" என்று எழுதிவிடு. அடுத்தது போர்ட். முதல் சர்வர் 5173இல் இருந்தால், இணையப் பக்கங்களை உருவாக்கும்போது லோக்கல் சர்வர் ஓட்டும் வீட் என்ற கருவி இரண்டாவதைத் தானாகவே 5174க்கு நகர்த்திவிடும். ஏஜென்ட்டோ பழக்கதோஷத்தில் 5173ஐத் திறந்து, பக்கத்து ஏஜென்ட்டின் பக்கத்தைப் பார்த்து "நான் செய்தது வேலை செய்கிறது" என்று சொல்லும். ஒவ்வொரு வொர்க்ட்ரீக்கும் போர்ட்டை நீயே நிர்ணயித்து, 'ஸ்ட்ரிக்ட் போர்ட்' போட்டுவிடு. போர்ட் கிடைக்கவில்லையென்றால் நகராமல் பிழை காட்டி நிற்கும். சீமக்ஸின் பக்கப்பட்டையில் போர்ட் தெரிவது இங்கேதான் உதவுகிறது. டேட்டாபேஸும் அப்படியே, ஒரே லோக்கல் டேட்டாபேஸில் இரண்டு ப்ராஞ்சின் மைக்ரேஷனை (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் நிரலை) ஓட்டினால் இரண்டுமே கெடலாம்.

ஆப்பை மூடினால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தாய். மறுபடி திறக்கும்போது டேப் அமைப்பும் ஃபோல்டரும் திரும்ப வரும். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ் மட்டும் போனது போனதுதான். க்ளாட் கோடை 'கன்டினியூ' கொடியோடு (கமாண்டுடன் சேர்த்துக் கொடுக்கும் விருப்பத்தோடு) தொடங்கினால் அந்த ஃபோல்டரின் கடைசி உரையாடல் கிடைக்கும். இரவில் ஓட விடுவதானால், மேக்கைத் தூங்கவிடாமல் வைக்கும் 'கஃபினேட்' கமாண்டுடன் ஓட்டு. லேப்டாப் மூடியைச் சாத்தினால் அதையும் மீறித் தூங்கிவிடும்.

அறிவிப்பு அதிகமானால் இல்லாததற்குச் சமம். டெஸ்ட் ஓட்டுவது, கிட் டிஃப் (என்ன மாறியது என்று காட்டுவது) போன்றவற்றை அனுமதிப் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவிடு. டாட் என்வைப் படிப்பதைத் தடைப் பட்டியலில் போடு. அதற்காக எல்லா அனுமதியையும் ஒரே கொடியில் தூக்கி எறியாதே; அந்தக் கொடியின் பெயரிலேயே 'டேஞ்சரஸ்லி' என்று வைத்திருக்கிறார்கள். மேலும், ஆறு ஏஜென்ட் உனக்கு வேண்டாம். அவை எழுதித் தள்ளும் டிஃப்பை உட்கார்ந்து படிக்கப்போவது நீ ஒருத்தன்தான். இரண்டு, மிஞ்சினால் மூன்று.

ஏஜென்ட்டைத் தமிழில் பதில் சொல்லச் சொன்னால், திரையில் அது வரையும் பெட்டிக் கோடுகள் வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பாய். ஒரு தமிழ் எழுத்து எத்தனை கட்டத்தைப் பிடிக்கும் என்பதில் ஏஜென்ட்டின் கணக்கும் டெர்மினலின் கணக்கும் ஒத்துப்போவதில்லை. நீண்ட தமிழ் விளக்கம் வேண்டுமென்றால் ஒரு கோப்பில் எழுதச் சொல்லி எடிட்டரில் படித்துக்கொள்.

அலுவலக லினக்ஸ் கணினியில் சீமக்ஸ் ஓடாது. அங்கே டீமக்ஸே போதும். க்ளாட் கோடில் அறிவிப்பு வகையை 'டெர்மினல் பெல்' என்று மாற்று, டீமக்ஸில் 'மானிட்டர் பெல்' ஆன் செய். காத்திருக்கும் விண்டோவின் பெயருக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வரும்.

உன் ஹுக் அமைப்பு வேலை செய்யவில்லையென்றால் செட்டிங்ஸ் கோப்பை அப்படியே அனுப்பு, சாவிகளை மட்டும் நீக்கிவிட்டு. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்