முதலில் அந்த நட்டைத் தளர்த்து

செல்வா,

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று நீ திட்டியது நியாயம்தான். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, பிள்ளைகள் சௌக்கியம், ராஜன் அண்ணன் இன்னும் அதே தொப்பிதான். நேற்று நீ அனுப்பிய ஐந்து படங்களில் நான்காவதைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன்.

உன் செவர்லே சி10 லாரி முன்பக்கம் ஸ்டாண்டில் நிற்கிறது. வலது சக்கரம் கழற்றியிருக்கிறது, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்ம் கீழே தொங்குகிறது. நீ ரெஞ்சில் ஒரு முழக் குழாயைச் செருகி, அப்பர் ஆர்ம் தண்டின் முனை நட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறாய். முகத்தில் சிரிப்பு வேறு. டேய், முதலில் அந்த நட்டைத் தளர்த்து.

ஆர்ம் தண்டின் மேல் ஆடுவதற்கு நீ போட்டது ரப்பர் புஷ். அதன் வெளி ஓடு ஆர்மின் துளையில் இறுகி உட்கார்ந்திருக்கும். உள் குழாயை அந்த நட்டு தண்டோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும். நடுவில் இருக்கிற ரப்பர் வழுக்காது, அதற்கு முறுக்கிக்கொள்ள மட்டும்தான் தெரியும். ஆர்ம் தொங்கும்போது நட்டை இறுக்கினால் அந்தத் தொங்கல்தான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் இருபது டிகிரி மேலே போகிறது என்று வை, உன் ஷெட்டில் சும்மா நிற்கும்போதே ரப்பர் இருபது டிகிரி முறுக்கில் நிற்கும். ஈரத்துணியைப் பிழிந்த கையை எடுக்காமல் ராத்திரி முழுக்க வைத்திருப்பது மாதிரி. மேட்டில் ஏறினால் அதற்கும் மேல் முறுக்கு. சீக்கிரமே ரப்பரின் ஓரம் கிழியும், "சரக்கு மட்டம்" என்று நீ கடைக்காரனைத் திட்டுவாய். அதற்கு முன்னாலேயே வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது ஸ்பிரிங்கைத் திட்டுவாய்.

நல்லவேளை, இன்னும் ஓட்டவில்லை என்கிறாய். வலது பக்கம் நான்கு புஷ்ஷுக்கும் முனை நட்டுகளைத் தளர்த்து. கழற்ற வேண்டாம், வாஷர் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்தால் போதும். சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கு. பம்பரைப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, முன்னும் பின்னும் ஓர் ஆள் தூரம் உருட்டு. ஜாக்கில் இருந்து இறங்கும்போது டயர் உள்பக்கம் சாய்ந்து தரையைப் பிடித்துக்கொள்ளும், உருட்டினால்தான் விடும். பிறகு டயரோடு ராம்ப் மேல் ஏற்றி, எடை முழுவதும் டயரில் இருக்கும்போது கீழே படுத்து இறுக்கு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவை உன் 78 மாடலுக்கான ஷாப் மேனுவலில் பார். கிட் கவருக்குள் வரும் பொதுத்தாளை நம்பாதே. அந்த முழக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எடு.

இடது பக்கம் இன்னும் பிரிக்கவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பிரிப்பதற்கு முன், வண்டி தரையில் நிற்கும்போதே ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து சுவரில் எழுதிவை. ராம்ப் கிடைக்காவிட்டாலும், லோவர் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக் கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்கி இறுக்கலாம். அப்படித் தூக்கும்போது ஸ்டாண்டை விட்டு வண்டி எழும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

அப்பர் ஆர்ம் தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஷிம் எனும் மெல்லிய தகடுகள் இருக்கும். முன் போல்ட்டில் எத்தனை, பின் போல்ட்டில் எத்தனை என்று எண்ணி, தனித்தனியாகக் கம்பியில் கோத்து, முன், பின் என்று சீட்டுக் கட்டு. கலந்துவிட்டால் சக்கரத்தின் சாய்வுக் கோணங்களான கேம்பரும் காஸ்டரும் எங்கோ போய்விடும், அலைன்மெண்ட் கடைவரை ஓட்டிப் போவதே வேதனை. சரியாகப் போட்டாலும் அலைன்மெண்ட் செய்தே ஆக வேண்டும், அது வேறு கதை.

ஸ்பிரிங் விஷயத்தில் விளையாடாதே. கேலி இல்லாமல் சொல்கிறேன். அழுந்திய சுருள் ஸ்பிரிங் விட்டெறிந்தால் தாடையையே பெயர்த்துவிடும். ஷாக் அப்சோபரைக் கழற்றியதும் ஒரு சங்கிலியை ஸ்பிரிங்குக்குள் விட்டு ஆர்மோடு சுற்றிப் பூட்டு. சி10இல் லோவர் ஆர்ம் தண்டை யூ போல்ட்டுகள்தான் குறுக்குச்சட்டத்தோடு பிடித்திருக்கின்றன. தண்டுக்கு அடியில், சறுக்காதபடி தொட்டில் மாதிரி ஒரு கட்டை வைத்து ஜாக் கொடு. எடை ஜாக்குக்கு வந்த பிறகு யூ போல்ட்டைக் கழற்றி, மெதுவாக இறக்கு. ஸ்பிரிங் கையில் ஆடும்வரை சங்கிலியை எடுக்காதே. ஆர்மையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயிண்ட்டைப் பிரிக்கும்போது நட்டை முழுக்க எடுத்துவிடாமல் நாலு மரை விட்டுவை. நக்கிளின் காது மேல் பக்கவாட்டில் சுத்தியால் ஓங்கி அடித்தால் டேப்பர், அதாவது இறுகியிருக்கும் கூம்பு முனை, விட்டுவிடும். கவட்டைக் கருவியைச் செருகினால் ரப்பர் பூட் கிழியும். பூட் மட்டும் தனியாகத் தேடி அலைவாய்.

பழைய புஷ்ஷை நெருப்பு வைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. புகையும் நாற்றமும் உன் பெர்த் நகரம் முழுக்கப் போகும். ரப்பரில் வரிசையாகத் துளை போட்டு உள் குழாயைத் தள்ளிவிடு. மிஞ்சும் வெளி ஓட்டினை ஹாக்சா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்து உள்பக்கம் மடக்கு, கையோடு வரும். பிளேடு ஆர்மைக் கீறாமல் பார்த்துக்கொள். அறுப்பதற்கு முன் ஓட்டின் விளிம்பு ஆர்மோடு சேர்த்துத் தட்டி மடக்கியிருக்கிறதா என்று தடவிப் பார். இருந்தால் உளியால் நிமிர்த்திவிட்டுத் தொடங்கு.

புதிதைப் போடும்போது எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் முட்டாள்தனம் ஒன்று உண்டு. அப்பர் ஆர்மில் இரண்டு புஷ்ஷையும் அழகாக அழுத்திவிட்டு, தண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது. தண்டு முதலில் உள்ளே போக வேண்டும், அதுவும் போல்ட் துளை சரியான பக்கம் பார்த்தபடி. பிறகு ஒரு புஷ், மறுபுறம் அடுத்தது. அழுத்தும் சாக்கெட் வெளி ஓட்டின் விளிம்பில் மட்டும் உட்கார வேண்டும், ரப்பரில் பட்டால் புஷ் போச்சு. ஆர்மின் இரண்டு காதுக்கும் நடுவில் சரியான நீளத்துக்கு ஒரு குழாயை வெட்டி முட்டுக் கொடு, இல்லாவிட்டால் காது உள்ளே வளையும். இங்கே சிங்கப்பூரில் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில் வாங்கிய அந்தப் பெரிய சாக்கெட் உன்னிடம்தானே இருக்கிறது? 2017இல் சந்தையையே மூடிவிட்டார்கள், இனி அப்படி ஒன்று கிடைக்காது.

புஷ்ஷைப் பிரீசரில் வைக்கச் சொன்னார்களாமே. வை, தப்பில்லை. ஆனால் 40 மில்லிமீட்டர் இரும்பு ஓடு 45 டிகிரி குளிர்ந்தால் 0.02 மில்லிமீட்டர்தான் சுருங்கும். உதவும், அற்புதம் எதுவும் நடக்காது. துளையைத் துரு போகத் தேய்ப்பது அதைவிட உதவும். ஓட்டுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், எஞ்சின் ஆயில் பக்கமே போகாதே, ரப்பர் ஊறி உப்பிவிடும்.

பாலியூரித்தேன் போட்டிருந்தால் இந்தத் தொங்கல் தலைவலியே இல்லையே என்று நீ மடக்குவாய். உண்மைதான், அது உள் குழாய் மேல் சுழலும், எந்த நிலையிலும் இறுக்கலாம். ஆனால் சிலிகான் கிரீஸ் காய்ந்ததும் கீச்சிடத் தொடங்கும், ரோட்டின் ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங்கில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு ஓட்டுகிற லாரிக்கு ரப்பர்தான் சரி. இதில் மட்டும் உன் புத்தி வேலை செய்திருக்கிறது.

பொறாமையும் கொஞ்சம் உண்டு, சொல்லிவிடுகிறேன். உனக்கு வீட்டோடு ஷெட். இங்கே புளோக் கீழே கார்பார்க்கில் ஆர்மைப் பிரிக்க நினைத்தாலே ஆள் வந்துவிடும். இதற்கெல்லாம் காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் இருக்கிற பட்டறைகளுக்குப் போக வேண்டும், அங்கே பொறுமையாக இறக்கி உருட்டி இறுக்குகிறார்களா என்று பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பால் ஜாயிண்ட்டுக்குப் பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதே. துளை ஒத்துவரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கு, பின்னால் திருப்பாதே.

இப்போதே வெளியே போய், வலது பக்கம் நட்டைத் தளர்த்துவதற்கு முன் ஒரு தடவையும் உருட்டிய பிறகு ஒரு தடவையும் மட்கார்டு உயரத்தை அள. எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று எழுது. இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான், தூங்கிவிட்டேன் என்று சாக்குச் சொல்ல முடியாது. ஒன்றுமே இறங்கவில்லை என்றால் அடுத்த முறை தேக்காவில் சாப்பாடு என் செலவு.

உன்,
மாறன்